9 எம்.எம். கிடையாது, .32 தான்: முதல் கைத்துப்பாக்கி வாங்க நினைப்பவருக்கு சட்டம் விட்டு வைத்திருப்பது எவ்வளவு?

2024 ஏப்ரல் 15-ம் தேதி, பட்டப்பகல். ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில் ஒரு நகைக்கடைக்குள் காரில் வந்த கும்பல் நுழைந்தது. துப்பாக்கியைக் காட்டி, உரிமையாளரைக் கட்டிப்போட்டு, சுமார் ஒன்றரைக் கிலோ நகையையும் 5 லட்சம் ரூபாயையும் அள்ளிக்கொண்டு போனதாக அன்றைய செய்திகள் சொல்லின. அந்த மாதம் முடிவதற்குள் அதே வட்டாரத்தில், மிட்டனமல்லியில், முன்னாள் ராணுவ வீரரான சித்த மருத்துவரும் அவர் மனைவியும் கொல்லப்பட்டார்கள்.

இப்படி அடுத்தடுத்து இரண்டு செய்தி வந்தால், திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை என்று அந்த ரயில் பாதையை ஒட்டிக் கடையோ பட்டறையோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு யோசனை வருவது இயல்புதான். நாமும் ஒன்று வாங்கி கல்லாவில் வைத்துக்கொண்டால் என்ன?

யோசனை வந்தவுடன் கை போவது போனுக்கு. தேடிப் பார்த்தால் அமெரிக்க வீடியோக்கள் வரிசை கட்டி நிற்கும். முதல் துப்பாக்கிக்கு 9 எம்.எம். நல்லதா, .45 நல்லதா, .380 போதுமா என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். அந்த மூன்றையும் வைத்து இங்கே ஒரு கடையில் போய்க் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: கிடையாது. அமெரிக்காவில் வாங்குபவர் முடிவு செய்கிற விஷயத்தை இந்தியாவில் சட்டம் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறது.

போர் என்றால் சண்டை இல்லை

நம்ம ஊர் துப்பாக்கிக் கடைகளில் காலிபர் என்ற சொல்லைவிட 'போர்' என்ற சொல்தான் அதிகம் புழங்கும். 'முப்பத்திரண்டு போர்', 'பன்னிரண்டு போர்' என்பார்கள். குழலின் உள்விட்டத்தைச் சொல்கிற ஆங்கிலச் சொல் அது. தமிழில் எழுதும்போது தற்செயலாகப் பொருத்தமாகிவிட்டது.

.32 என்றால் ஓர் அங்குலத்தை நூறாகப் பிரித்து அதில் 32 பங்கு. கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர். .22 என்றால் 5.6 மில்லிமீட்டர், ஒரு பென்சிலைவிட மெல்லியது. வங்கி வாசலில் காவலர் வைத்திருக்கும் நீளத் துப்பாக்கியின் '12 போர்' கணக்கு மட்டும் தலைகீழ். ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டையாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு பெரிதோ, அதுதான் அந்தக் குழலின் அகலம். அதனால் அங்கே எண் குறையக் குறைய குழல் பெரிதாகும்.

சரி, 9 எம்.எம். ஏன் கூடாது?

ஆயுத விதிகள் துப்பாக்கிகளை இரண்டு பெரிய பிரிவாகப் பார்க்கின்றன. ஒன்று தடை செய்யப்பட்ட வகை, கடை பாஷையில் 'பி.பி.'. இன்னொன்று தடை இல்லாதது, 'என்.பி.பி.'. ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் 9 எம்.எம். தோட்டாவையோ, பழைய .380, .455 தோட்டாக்களையோ போட்டுச் சுட முடிகிற எந்தக் கைத்துப்பாக்கியும் முதல் பிரிவில் விழுந்துவிடும். நீளத் துப்பாக்கிகளில் .303-க்கும் 7.62-க்கும் இதே கதிதான்.

பெரிய குண்டு ஆபத்தானது, சின்னது பரவாயில்லை என்று யாரோ கருணையோடு போட்ட விதி இல்லை இது. அரசின் கவலை வேறு: முகாமிலிருந்தோ காவல் நிலையத்திலிருந்தோ தோட்டா வெளியே கசிந்தால், அது ஊரில் இருக்கும் எந்தத் துப்பாக்கியிலும் பொருந்தக் கூடாது. 1857 கலகத்தைப் பார்த்து மிரண்ட பிரிட்டிஷ்காரர்கள் 1878-ல் கொண்டுவந்த ஆயுதச் சட்டத்தோடு தொடங்கிய எச்சரிக்கை அது. சுதந்திரத்துக்குப் பிறகு 1959-ல் புதுச் சட்டம் வந்தது, 1962 அக்டோபர் 1 முதல் அமலானது. ஆட்சி மாறினாலும் சிப்பாயின் தோட்டா வேறு, குடிமகனின் தோட்டா வேறு என்ற கோடு மட்டும் அப்படியே நின்றது.

வேப்பம்பட்டில் மின்சார ரயில் ஏறினால் ஐந்தாவது ஸ்டேஷன் ஆவடி. அங்கே கனரக வாகனத் தொழிற்சாலையில் 120 மில்லிமீட்டர் பீரங்கி பொருத்திய அர்ஜுன் டாங்க் தயாராகிறது. வாழ்நாளெல்லாம் படையில் 9 எம்.எம். பிடித்துப் பழகி, ஓய்வு பெற்று இந்தப் பக்கம் மனை வாங்கிக் குடியேறிய முன்னாள் வீரரும் வீட்டில் வைத்துக்கொள்ள நினைத்தால் .32-க்குத்தான் வர வேண்டும். தடை செய்யப்பட்ட வகைக்கான உரிமத்தைத் தருவது மத்திய உள்துறை அமைச்சகம். தீவிரவாதிகளால் உயிருக்கு நேரடி ஆபத்து என்பது போன்ற காரணங்கள் இருந்தால்தான் அந்தக் கதவு திறக்கும். நகைக்கடை பயம் அங்கே செல்லாது.

அப்போ மிச்சம் என்ன?

காகிதத்தில் பார்த்தால் .22, .25, .32, .357 என்று சில வகை மிச்சம். நடைமுறையில் இரண்டு. காரணம், வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகளைத் தனிநபர் இறக்குமதி செய்வது 1980-களின் நடுப்பகுதியோடு நின்றுபோனது. அதற்கு முன் வந்த பழைய வெப்லி, வால்தர் போன்றவை கைமாறிக் கைமாறி ஓடுகின்றன. அரிது என்பதாலேயே லட்சக்கணக்கில் விலை. புதிதாக வேண்டுமென்றால் பெரும்பாலும் அரசுத் தொழிற்சாலைகள் செய்வதுதான். அவை செய்வது .32, கொஞ்சம் .22.

டெல்லி மாணவிக்கு 2012-ல் நடந்த கொடூரத்துக்குப் பிறகு, பெண்களுக்கென்று சொல்லி கான்பூரில் 2014-ல் வெளியிட்ட 'நிர்பீக்' ஞாபகம் இருக்கலாம். .32 ரிவால்வர், எடை 500 கிராம், அன்றைய விலை 1,22,360 ரூபாய். கைப்பையில் வைக்கிற பொருளுக்கு ஒன்றே கால் லட்சமா, இதை வாங்கக்கூடிய பெண்ணுக்கா பேருந்தில் ஆபத்து என்று அப்போதே கேள்வி எழுந்தது. நியாயமான கேள்வி. மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலை செய்த 'நிடர்' .22 ரிவால்வர், எடை வெறும் 250 கிராம், விலை 35,000 ரூபாய் அளவில் சொல்லப்பட்டது. கடைசியாக 2023 ஆகஸ்டில் வந்தது 'பிரபல்'. இதுவும் .32, எடை 700 கிராம், குழல் நீளம் 76 மில்லிமீட்டர், 50 மீட்டர் வரை சுடும் என்கிறது தயாரித்த ஏ.டபிள்யூ.இ.ஐ.எல். நிறுவனம். பழைய படைக்கலத் தொழிற்சாலைகளைப் பிரித்து 2021 அக்டோபரில் உருவாக்கிய பொதுத்துறை நிறுவனம் அது. நம்ம திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் அதன் கீழ்தான் வருகிறது.

.22 தோட்டா மலிவு, உதை குறைவு, கற்றுக்கொள்ள நல்லது. ஆனால் அதன் மருந்தைப் பற்றவைக்கும் பகுதி தோட்டாவின் விளிம்பில் இருக்கிறது. மற்ற தோட்டாக்களில் இருப்பதுபோல் நடுவில் இல்லை. இந்த வகைத் தோட்டா வெடிக்காமல் ஏமாற்றும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம். இலக்குப் பலகை முன்னால் அப்படி நடந்தால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். அதனால்தான் தற்காப்புக்கு என்று கேட்பவர்களிடம் கடைக்காரர் .32 பக்கம் கை காட்டுகிறார்.

.32-க்குள்ளேயே இரண்டு

முதல் முறை வாங்குபவர் குழம்புகிற இடம் இது. ரிவால்வரும் '.32 போர்', பிஸ்டலும் '.32 போர்'. ஆனால் இரண்டுக்கும் தோட்டா வேறு. ரிவால்வருக்குரியது நீளமானது, அடியில் விளிம்பு வைத்தது; ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் என்று பெயர். பிஸ்டலுக்குரியது குட்டையானது, ஏ.சி.பி. என்பார்கள். ஒன்றுக்கு வாங்கியதை மற்றதில் போட முடியாது.

போரைவிட இந்தத் தேர்வுதான் உண்மையில் முக்கியம். ரிவால்வரில் ஆறு அறை கொண்ட உருளை சுழலும். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் போதும், அடுத்தது முன்னால் வந்து நிற்கும். எத்தனை போட்டிருக்கிறது என்று திறந்த மாத்திரத்தில் தெரியும். விசை கொஞ்சம் கனமாக இருக்கும், அதுவும் பழகாத கைக்கு ஒரு பாதுகாப்புதான். பிஸ்டல் தட்டையாக இடுப்பில் உட்காரும், தோட்டாக் கூட்டை உருவி மாற்றுவது சுலபம். ஆனால் கூட்டை வெளியே எடுத்துவிட்டோம், இனி காலி என்று நினைத்துக்கொண்டு விசையைத் தொட்டு, குழலுக்குள் தங்கியிருந்த ஒரு தோட்டா பாய்ந்த விபத்துகள் உலகம் முழுக்க நடந்திருக்கின்றன. சிக்கிக்கொண்ட தோட்டாவைப் பதற்றத்தில் எடுத்துவிடவும் பயிற்சி வேண்டும். மாதத்துக்கு ஒருமுறைகூடச் சுட்டுப் பழக வழியில்லாத பட்டறை முதலாளிக்கு ரிவால்வர்தான் பொருத்தம்.

'சின்ன' குண்டு என்று சொல்லலாமா?

சக்தியை மட்டும் பார்த்தால் .32 தோட்டாவில் இருப்பது 9 எம்.எம். தோட்டாவில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். இதை வைத்து .32-ஐ 'பொம்மை' என்று கேலி செய்பவர்கள் உண்டு.

அவர்கள் போலீஸ் செய்திக்குறிப்புகளில் அடிக்கடி வரும் '7.65 எம்.எம். பிஸ்டல்' என்ற வார்த்தையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அந்த 7.65 வேறு எதுவும் இல்லை, பிஸ்டலுக்கான .32 ஏ.சி.பி.யேதான், ஐரோப்பியர்கள் மில்லிமீட்டரில் சொல்வார்கள், அமெரிக்கர்கள் அங்குலத்தில் சொல்வார்கள். 2015 ஆகஸ்ட் 30-ல் தார்வாடில் எழுத்தாளர் எம்.எம்.கல்புர்கி தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2017 செப்டம்பர் 5-ல் பெங்களூருவில் பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ், அவரும் வீட்டு வாசலில்தான். இரண்டு கொலைக்கும் ஒரே 7.65 எம்.எம். நாட்டுத் துப்பாக்கிதான் பயன்பட்டது என்றது தடய அறிவியல் ஆய்வு.

எதிர்ப்பக்க உதாரணமும் தமிழ்நாட்டுக்கு நன்றாகத் தெரியும். 1967 ஜனவரி 12-ல் ராமாவரம் வீட்டில் எம்.ஜி.ஆரை எம்.ஆர்.ராதா மிக அருகிலிருந்து சுட்டார், பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார். இருவருமே பிழைத்தார்கள். எம்.ஜி.ஆரின் குரல் மட்டும் கடைசிவரை பழையபடி திரும்பவில்லை. குண்டு எங்கே பட்டது, எவ்வளவு சீக்கிரம் மருத்துவமனைக்குப் போனார்கள் என்பதெல்லாம் சேர்ந்துதான் முடிவு. போர் அதில் ஒரு பகுதி.

இன்னொரு விஷயம் வீடியோக்களில் வராது. வேப்பம்பட்டு மாதிரி மனைப்பிரிவுகளில் வீட்டுக்கு வீடு இடைவெளி சில அடிதான். பட்டறைக் கூரையும் தடுப்பும் தகர ஷீட்டு, பிளைவுட். குறி தவறிய .32 குண்டுக்கு இவை ஒரு பொருட்டே இல்லை.

உரிமம்: எதை நிரூபிக்க வேண்டும்?

காக்களூர் சிட்கோவிலோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டியோ சின்னத் தொழிற்கூடம் நடத்துபவர் ஒருவர், சனிக்கிழமை சம்பளப் பணத்தை ரொக்கமாக எடுத்துவருபவர் என்று வைத்துக்கொள்வோம். 2016 ஆயுத விதிகள்படி, தொழிலின் தன்மையால் உயிரையோ சொத்தையோ காக்க உண்மையான தேவை இருப்பவர் என்ற பிரிவில் அவர் விண்ணப்பிக்கலாம். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். மனநலம், உடல்நலம் பற்றி மருத்துவரின் சான்று வேண்டும். ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற்ற சான்று வேண்டும். மாநகர காவல் எல்லைக்குள் இருப்பவர் ஆணையரிடம், வெளியே இருப்பவர் மாவட்ட நிர்வாகத்திடம் மனு கொடுக்க வேண்டும். ஆவடிக்குத் தனி ஆணையரகம் 2022-ல் வந்துவிட்டதால் இந்தப் பக்கத்து ஆட்கள் தங்கள் ஸ்டேஷன் எதன் கீழ் வருகிறது என்று முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது.

உள்ளூர் போலீஸ் 30 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும் என்று விதி சொல்கிறது. ஆனால் உண்மையான தடை அந்த அறிக்கையின் உள்ளடக்கம்தான். 'திருட்டு பயமாக இருக்கிறது' என்பது போதாது. மிரட்டல் வந்ததா, புகார் கொடுத்தீர்களா, ரொக்கம் எடுத்துவருவதற்கு என்ன கணக்கு, பணத்தை வங்கி மூலம் போட்டால் என்ன என்றெல்லாம் கேட்பார்கள். கடைசிக் கேள்விக்குப் பலரிடம் பதில் இருக்காது.

2016 டிசம்பர் நிலவரப்படி நாடு முழுக்க இருந்த ஆயுத உரிமங்கள் சுமார் 33.69 லட்சம். அதில் உத்தரப் பிரதேசம் மட்டும் 12.77 லட்சம். தமிழ்நாடு அந்தப் பட்டியலில் வெகு கீழே. இங்கே துப்பாக்கி கௌரவச் சின்னமாக ஆகவில்லை. அதிகாரிகளும் அதை அப்படி ஆகவிடவில்லை. இது குறையா நிறையா என்று ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். சட்டத்தின் நிலை தெளிவு: உரிமமில்லாத துப்பாக்கிகள் தொடர்பான ஒரு வழக்கில் 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அமெரிக்காபோல் ஆயுதம் வைத்திருப்பதை நம் அரசியலமைப்பு அடிப்படை உரிமையாகத் தரவில்லை என்று நினைவூட்டியது.

உரிமத்துக்கு அலைய முடியாது, வடக்கிலிருந்து வரும் 'கட்டா' ஒன்றைச் சில ஆயிரத்துக்கு வாங்கிவிடலாம் என்று யாராவது ஆசை காட்டினால்? 2019 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, உரிமமில்லாமல் சாதாரண வகைத் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, 5 ஆண்டு வரை சிறை. அதுவே 9 எம்.எம். மாதிரி தடை செய்யப்பட்ட வகை என்றால் குறைந்தது 7 ஆண்டு, 14 வரை போகும். பீகாரின் முங்கேர் பக்கத்துப் பட்டறைகளில் அடிக்கும் குழல்கள் சுடுபவரின் கையிலேயே வெடிப்பதும் உண்டு.

கல்லாவில் இருந்தால் காப்பாற்றுமா?

திரும்ப அந்த முத்தாபுதுப்பேட்டை கடைக்கே வருவோம். உள்ளே வருபவர்கள் துப்பாக்கியை ஏற்கெனவே கையில் பிடித்திருக்கிறார்கள். கடைக்காரரிடம் உரிமம் பெற்ற .32 ஒன்று இருந்திருந்தால், அது எங்கே இருந்திருக்கும்? பாதுகாப்பாக வை என்கிறது விதி. பூட்டிய பெட்டியில், தோட்டா தனியாக, குழந்தைகள் கைக்கு எட்டாமல். அப்படி வைத்தால் அந்தச் சில நொடிக்குள் அது கைக்கு வராது. மேசை இழுப்பறையில் தோட்டா போட்டபடி வைத்தால் கைக்கு வரும். கடைப் பையன் கைக்கும் வரும், வீட்டுக்கு எடுத்துப்போனால் மகன் கைக்கும் வரும். கும்பல் முந்திக்கொண்டால் நகையோடு துப்பாக்கியும் போகும், பிறகு அது எங்கே வெடித்தாலும் முதல் விசாரணை உரிமம் வைத்திருப்பவரிடம்தான்.

இந்த முடிச்சை எந்த போரும் அவிழ்க்காது. 9 எம்.எம்.மை நாளைக்கே அனுமதித்தாலும் நிலைமை இதுதான். வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கும் அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். திருடனுக்காக வாங்கியது வீட்டு ஆட்களுக்கே எமனாகிறது.

சுட்டுவிட்டால் அதன் பிறகும் கதை முடியாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை. உயிருக்கு அச்சம் இருந்தால் எதிராளியின் உயிர் போகும் அளவுக்குக்கூட அந்த உரிமை நீளும். ஆனால் தேவைக்கு மேல் ஒரு துளி பலமும் கூடாது. பையோடு ஓடுகிறவனின் முதுகில் குண்டு இருந்தால் அதைத் தற்காப்பு என்று நிரூபிப்பது ரொம்பக் கஷ்டம். கல்யாண வீட்டில் குஷியாக வானத்தைப் பார்த்துச் சுட்டாலே 2 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் உண்டு.

சுட ஆசை மட்டும் இருந்தால்

தேவையைவிட ஆர்வம்தான் அதிகம் என்பவர்களுக்கு நேரான வழி ரைபிள் கிளப். 2022 ஜூலையில் திருச்சி ரைபிள் கிளப்பில் நடந்த மாநிலப் போட்டியில் நடிகர் அஜித்குமார் பதக்கங்கள் குவித்தது பெரிய செய்தியானது. அங்கே நடந்த போட்டிகளில் ஸ்டாண்டர்ட் பிஸ்டல் என்பது .22, சென்டர் ஃபயர் பிஸ்டல் என்பது இங்கே .32. கல்லாவுக்கு யோசிக்கிற அதே இரண்டு போர்தான்; நடுவில் பயிற்சியாளரும் மண்மேடும் இருக்கின்றன. கிளப்பில் இரண்டு ஆண்டு தீவிர உறுப்பினராக இருந்த விளையாட்டு வீரர் என்பதையே உரிமத்துக்கான காரணமாக விதிகள் ஏற்கின்றன.

அதற்கும் முந்தைய படி .177 ஏர் பிஸ்டல். 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு, காற்றழுத்தத்தில் பாயும். ஆற்றல் 20 ஜூலுக்குக் கீழ் இருந்தால் உரிமமே தேவையில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியது இந்த வகையில்தான்.

எல்லாம் தாண்டி உரிமமும் .32 ரிவால்வரும் கைக்கு வந்தவர்களுக்குக் கடைசியாக ஒன்று. 2019 திருத்தப்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. தாத்தா காலத்து இரட்டைக்குழல் வீட்டில் இருந்தால் அதுவும் கணக்கில் சேரும். உரிமத்தின் ஆயுள் இப்போது 5 ஆண்டு, முடிவதற்கு முன்பே புதுப்பிக்க மனு போட வேண்டும். தேர்தல் தேதி அறிவித்து நடத்தை விதிகள் அமலுக்கு வந்தால், வங்கிக் காவலர் போன்ற விலக்குப் பெற்றவர்களைத் தவிர மற்றவர்கள் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற கிடங்கிலோ துப்பாக்கியை ஒப்படைக்க உத்தரவு வரும். முடிவு வந்து விதிகள் விலகும்வரை அது அங்கேதான் இருக்கும். ஒப்படைக்கும்போது துப்பாக்கியின் எண், தோட்டாக்களின் எண்ணிக்கை இரண்டும் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.